டிசம்பர் பன்னிரண்டில் ஒன்பது நிமிடம்

2025 பிப்ரவரி 3, திங்கள்

காலையில் மோட்டார் ஓடவில்லை. இரண்டு குடம் தண்ணீரில் குளியல், சமையல் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு பத்து மணிக்கு ஆய்வு மையத்துக்குப் போனால், தர்மபுரியிலிருந்து பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து காத்திருந்தார். நப்பின்னை மேடம் அவரை என் பக்கம் தள்ளிவிட்டார்.

"நான் இந்தக் குழுவுக்குத் தலைவி, அவ்வளவுதான். கண்டுபிடிச்சது உலகம்மாள். அவங்ககிட்டயே கேளுங்க."

கண்ணால் பார்க்காத கிரகத்தை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். எல்லோருக்கும் சொல்வதையே அவருக்கும் சொன்னேன். மிதுன ராசிப் பக்கம் ஒரு மங்கலான நட்சத்திரம். அதைச் சுற்றும் ஒரு கிரகம் முன்பே தெரிந்ததுதான். ஒன்பதரை நாளுக்கு ஒருமுறை அது நட்சத்திரத்தின் முகத்துக்குக் குறுக்கே கடந்துபோகும். அப்போது வெளிச்சம் நூற்றில் ஒரு பங்கு குறையும். அந்தக் கிரகம் தனியாக இருந்தால் ஒவ்வொரு கடப்பும் சொல்லிவைத்த நேரத்துக்கு நடக்க வேண்டும். ஆனால் இது சில தடவை கொஞ்சம் முந்தியது. சில தடவை பதினெட்டு நிமிடம் வரை பிந்தியது. அப்படியென்றால் நமக்குத் தெரியாத இன்னொரு கிரகம் பக்கத்திலிருந்து அதை இழுக்கிறது. எத்தனை நிமிடம் பிந்துகிறது என்பதை வைத்து, இழுப்பது எவ்வளவு பெரியது, எங்கே இருக்கிறது என்று கணக்கிடலாம்.

"அப்போ எல்லாமே கடிகாரத்தை நம்பித்தான்" என்றார் அவர், எழுதிக்கொண்டே.

ஆமாம் என்றேன். இந்த மலையில் குளிர் அதிகம் என்று பேச்சை மாற்றினேன்.

பிப்ரவரி 5, புதன்

தென்காசியிலிருந்து பேச்சி அக்கா போன் செய்தாள். மாமா கடையில் யாரோ பேப்பரைக் கொண்டுவந்து காட்டினார்களாம்.

"ஏட்டி, ஒன் படத்தப் பாத்தேன். என்னட்டி மூஞ்சிய அப்பிடி வச்சிருக்க, யாரோ செத்துப்போன மாதிரி."

"வெயிலு கண்ணுல அடிச்சுதுக்கா."

"கண்ணாலயே பாக்காம இருக்குன்னு எப்பிடிட்டி சொல்லுத?"

சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்பம் நேரத்தத் தப்பாக் குறிச்சிருந்தா அந்தக் கிரகமே கெடையாதோ?" என்றாள்.

அக்கா எட்டாவது வரை படித்தவள். பால் பொங்குகிறது என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை.

மார்ச் 26 நிரந்தரப் பதவிக்கான நேர்காணல். ஆறு வருடமாக ஒப்பந்தத்திலேயே இருக்கிறேன். அதற்குள் மார்ச் 19 வருகிறது. அன்றைய கடப்பு இருபத்திரண்டு நிமிடம் பிந்தி நடக்கும் என்று கட்டுரையில் முன்கூட்டியே சொல்லியிருக்கிறோம். அதைச் சரிபார்க்க வெளிநாட்டுப் பெரிய தொலைநோக்கி ஒன்று ஆறு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறது. எல்லோரும் எனக்குக் கைகொடுக்கிறார்கள்.

பிப்ரவரி 8, சனி

துணி துவைத்தேன். இரும்பு அலமாரியை ஒழுங்குபடுத்தத் தொடங்கினேன். கீழ்த்தட்டு அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 12, புதன்

செக் நாட்டிலிருந்து ஒரு மின்னஞ்சல். யாரோஸ்லாவ் என்ற ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் எழுதியிருக்கிறார். வீட்டுத் தோட்டத்தில் சின்னத் தொலைநோக்கி வைத்து இருபது வருடமாகக் கடப்புகளின் நேரத்தைக் குறிப்பவராம். மிகவும் பணிவான கடிதம். அதன் சாரம்:

"2023 டிசம்பர் 12 அன்று உங்கள் மலையிலிருந்து நீங்கள் பார்த்த அதே கடப்பை நானும் என் தோட்டத்திலிருந்து பார்த்தேன். உங்கள் கட்டுரையில் இருக்கும் நேரம் என்னுடையதைவிட ஒன்பது நிமிடம் பிந்தியிருக்கிறது. என் கடிகாரம்தான் தவறாக இருக்கும். இருந்தாலும் உங்களுடையதையும் ஒருமுறை பார்த்துச் சொல்வீர்களா?"

ஒரே நட்சத்திரம். ஒரே கடப்பு. தர்மபுரியிலிருந்து பார்த்தாலும் ஐரோப்பாவிலிருந்து பார்த்தாலும் அது ஒரே கணத்தில்தான் நடக்கும். ஒன்பது நிமிட வித்தியாசம் வரவே முடியாது. இருவரில் ஒருவருடைய கடிகாரம் பொய் சொல்கிறது.

மூன்று தடவை படித்தேன். மதியம் கேன்டீனில் தட்டை வாங்கி, அப்படியே திருப்பி வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 13, வியாழன்

பதில் போடவில்லை. வேலை அதிகம்.

பிப்ரவரி 15, சனி

பதில் போடவில்லை. ஊத்தங்கரை போய் அரிசி, சோப்பு, கொசுவத்தி வாங்கி வந்தேன். பஸ்ஸில் இடம் கிடைத்தது. பக்கத்தில் இருந்த அம்மா, "ஒடம்பு சரியில்லையாம்மா, கை இப்டி நடுங்குது?" என்று கேட்டார். படிக்கட்டில் வேகமாக ஏறினேன், அதனால் என்றேன்.

பிப்ரவரி 17, திங்கள்

பதில் போட்டுவிட்டேன். எங்கள் கேமராவின் கணினி ஜிபிஎஸ் கடிகாரத்தோடு இணைக்கப்பட்டது, பிழை வர வாய்ப்பில்லை என்று மரியாதையாக எழுதினேன். இணைக்கப்பட்டது உண்மைதான். பொய் எதுவும் எழுதவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

யாரோஸ்லாவ் மறுபடி எழுதியிருக்கிறார். அவருடைய ஊர் வானியல் மன்றத்தில் இன்னும் இரண்டு பேர் அதே மாலையில் அதே நட்சத்திரத்தைப் பார்த்திருக்கிறார்களாம். மூன்று பேருக்கும் ஒரே நேரம் வருகிறது. இந்தத் தடவை கடிதத்தின் நகல் நப்பின்னை மேடத்துக்கும் போயிருக்கிறது.

பதினொன்றரைக்கு அவர் கூப்பிட்டார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்திருந்தார்.

"உலகு, அந்தச் சீசன்ல நம்ம மலையிலிருந்து எத்தனை கடப்பு எடுத்தோம்?"

"அஞ்சு மேடம்."

"ரொம்பப் பிந்தினது எல்லாமே அந்த அஞ்சுலதானே இருக்கு?"

எனக்கு அது தெரியாதா? "ஆமா மேடம்" என்றேன்.

"அந்த மாசங்களோட லாக் நோட்டை எடு. நம்ம தொலைநோக்கிக் கூடத்து வேடியப்பன் எல்லாத்தையும் எழுதி வைக்கிறவர். கடிகாரத்துல ஏதாவது கோளாறு இருந்திருந்தா அதுல இருக்கும்."

"தேடிப் பாக்கறேன் மேடம்" என்றேன்.

என் அறைக்கு வந்து கதவைச் சாத்தி, நாற்காலியில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. தரை துடைக்க வந்தவர் கதவைத் தட்டியபோதுதான் எழுந்தேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

மேடமே என்னைக் கூட்டிக்கொண்டு மேலே தொலைநோக்கிக் கூடத்துக்கு வந்துவிட்டார். வேடியப்பன் லென்ஸ் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பதினாறு வருடமாக இங்கே ஒப்பந்தத்தில் இருப்பவர். மாலையில் கூடத்தைத் திறப்பது, கேமராவைக் குளிர்விப்பது, நோட்டில் எழுதுவது எல்லாம் அவர் வேலை. அடிவாரத்து ஊர்க்காரர். அவர் மனைவி அங்கன்வாடியில் சமைக்கிறார்.

மேடம் நேரடியாகக் கேட்டார். அவரும் நேரடியாகச் சொன்னார்.

"ஆமாங்க மேடம். அந்த மழைக்காலத்துல கொரங்கு மேல ஏறி ஜிபிஎஸ் ஒயரப் புடுங்கிட்டு போயிடுச்சு. தொலைநோக்கியோட டைமுக்கு வேற கம்ப்யூட்டரு, அதுக்கு ஒண்ணும் ஆவல. கேமரா கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் டைமு வர்ல. அது பாட்டுக்குத் தானா ஓடினு இருந்துச்சு. ஆபீசுக்கு போன் பண்ணிச் சொன்னன். ஒயரு வர ரெண்டரை மாசம் ஆச்சு."

"எழுதி வெச்சீங்களா?"

"நோட்டுல எழுதியிருக்கன் மேடம்."

மேடம் மரத்தட்டில் வரிசையாக அடுக்கியிருந்த நோட்டுகளைப் பார்த்தார். 2023 ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை ஒன்று. அடுத்தது 2024 பிப்ரவரி. நடுவில் ஒரு நோட்டு அளவுக்கு இடம் காலியாக இருந்தது.

வேடியப்பன் என்னைப் பார்த்தார். நான் மூடியைத் துடைக்கும் துணியைப் பார்த்தேன்.

"இங்கதான் எங்கியாவது இருக்கும். தேடுங்க" என்றார் மேடம்.



பிப்ரவரி 24, திங்கள்

கேமரா கணினியின் பழைய கோப்புகளைத் தோண்டி எடுத்து மேடமும் நானும் கணக்குப் பார்த்தோம். ஒரு நாளைக்குப் பதினான்கு விநாடி முந்தி ஓடியிருக்கிறது. நவம்பர் 3-இல் வயர் போனது. டிசம்பர் 12-க்குள் ஒன்பது நிமிடம். ஜனவரி 19-இல் பதினெட்டு. அதைக் கழித்துவிட்டு வரைபடத்தைத் திரும்பப் போட்டேன். உச்சியில் இருந்த ஐந்து புள்ளிகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே இறங்கிக் கோட்டின் மேல் உட்கார்ந்தன.

கிரகம் போய்விட்டது.

வேறு மையங்களில் மற்றவர்கள் எடுத்த புள்ளிகளில் இரண்டு மூன்று நிமிட ஆட்டம் மிச்சமிருக்கிறது. அதை வைத்து யாரும் எதுவும் சொல்ல முடியாது.

மேடம் வரைபடத்தை மூடினார். பிறகு, "கூட்டாளிகள் எல்லாருக்கும் இன்னைக்கே எழுதிடணும். மத்தவங்க சொல்றதுக்கு முன்னாடி நாமே சொல்லிடணும். பெரிய தொலைநோக்கிக்காரங்க பத்தொன்பதாம் தேதி பார்க்கிறதும் பார்க்காததும் அவங்க இஷ்டம்" என்றார். கதவு வரை போனவர் திரும்பினார். "உனக்கு எப்பவாவது சந்தேகம் வந்துதா உலகு?"

"இல்ல மேடம்."

அவர் நல்லவர். நம்பிவிட்டார்.

பிப்ரவரி 28, வெள்ளி

இயக்குநர் விசாரணைக்கு உத்தரவிட்டிருக்கிறார். மையத்தின் பெயர் வெளிநாட்டில் கெட்டுவிட்டது என்று கோபம். மதியம் வேடியப்பன் என் அறைக்கு வந்தார். கையில் ஒரு மெமோ. ஆங்கிலத்தில் இருந்தது.

"என்னா போட்டிருக்குன்னு கொஞ்சம் படிச்சிச் சொல்லுங்க மேடம்."

படித்துச் சொன்னேன். கடிகாரம் பழுதானதை நீங்கள் எழுத்துமூலம் தெரிவித்ததற்கு ஆதாரம் இல்லை. கடமையில் தவறியதற்காக உங்கள் ஒப்பந்தத்தை ஏன் ரத்து செய்யக்கூடாது என்று ஏழு நாளுக்குள் விளக்கம் தர வேண்டும். கடைசி வரியில் நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி படித்தேன்.

அவர் மெமோவை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"அந்த நோட்டு கெடச்சா போதுங்க மேடம். வேற ஒண்ணும் வேணாம்."

"கெடைக்கும் அண்ணே."

"கெடச்சிரும்ல?"

"டீ சாப்பிடறீங்களா?" என்று கேட்டேன்.

வேண்டாம் என்று போய்விட்டார்.

மார்ச் 2, ஞாயிறு

இன்று அந்த நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். முதல் தடவையாக என்று எழுத வந்தேன். முதல் தடவை இல்லை.

நீல மையில் வேடியப்பனின் பெரிய பெரிய எழுத்து. "3.11.23. கொரங்கு ஜிபிஎஸ் ஒயரை பிடுங்கிவிட்டது. கேமரா கம்ப்யூட்டர் டைம் செட் ஆகவில்லை. ஆபீசுக்கு போன் செய்து சொன்னேன்." அப்புறம், "1.12.23. இன்னும் ஆள் வரவில்லை. கேமரா டைம் 6 நிமிஷம் முன்னாடி காட்டுது. யாரும் இந்த டைமை நம்ப வேண்டாம்." கடைசி வரியின் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறார்.

வெயில் நன்றாக இருந்தது. ஆனாலும் புறக்கடையில் வெந்நீர் அடுப்பைப் பற்றவைத்தேன். வெந்நீருக்குத்தான். நோட்டு கையில் இருந்தது. புகை கண்ணில் பட்டு எரிந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அண்டா கொதித்து வழிந்தது. நோட்டின் அட்டையில் ஓர் ஓரம் கருகியிருக்கிறது. எப்படிப் பட்டதென்று கவனிக்கவில்லை. பிறகு தண்ணீரை ஊற்றி அடுப்பை அணைத்துவிட்டேன். குளிக்கவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

அக்கா போன். எடுக்கவில்லை. யார் கதவைத் தட்டினாலும் உடம்பு தூக்கிப்போடுகிறது. தபால்காரர் தட்டியதற்குக்கூட.

மார்ச் 6, வியாழன்

பதினொரு மணிக்கு விசாரணை. இயக்குநர், நிர்வாக அதிகாரி, நப்பின்னை மேடம் மூவரும் மேசைக்கு அந்தப் பக்கம். வேடியப்பன் சுவரோரம் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். வெளுத்த சட்டை, புதிதாகச் சவரம் செய்த முகம். ஏதோ பெண் பார்க்க வந்தவர் போல இருந்தார்.

என்னைச் சாட்சியாகத்தான் கூப்பிட்டிருந்தார்கள். நான் துணிப்பையிலிருந்து நோட்டை எடுத்து மேசையில் வைத்தேன்.

"என் புத்தகங்களோட கலந்து வீட்டுக்கு வந்திருக்கு சார். நேத்துதான் கண்ணுல பட்டுது."

இதை வீட்டில் கண்ணாடி முன்னால் பத்துத் தடவை சொல்லிப் பார்த்திருந்தேன். நன்றாகவே வந்தது.

இயக்குநர் பக்கங்களைப் புரட்டினார். இரண்டு கோடு போட்ட வரியைச் சத்தமாகப் படித்தார். நிர்வாக அதிகாரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வேடியப்பன் போன் செய்தது அவருடைய அலுவலகத்துக்குத்தான்.

"இந்த நோட்டை யார்கிட்டயாவது கொடுத்தீங்களா வேடியப்பன்?" என்று கேட்டார் இயக்குநர்.

கால் விரல்களைச் செருப்புக்குள் மடக்கிக்கொண்டேன். வேடியப்பன் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நோட்டு தட்டுலதாங்க சார் இருந்துச்சு. யாரு எப்ப எடுத்தாங்கன்னு எனக்குத் தெரியாது."

நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மாலை உத்தரவு வந்தது. பழுதை எழுதிவைத்தது சரி. ஆனால் பதிவேட்டைப் பத்திரமாக வைக்காமல் காணாமல்போக விட்டதற்காக வேடியப்பனுக்கு எழுத்துமூல எச்சரிக்கை. அது அவருடைய கோப்பில் இருக்கும். ஏப்ரலில் ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது பரிசீலிக்கப்படும்.

வேலை போகவில்லை. இப்போதைக்குப் போகவில்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

மார்ச் 7, வெள்ளி

தண்ணீர்த் தொட்டி அருகே அவரைப் பார்த்தேன். சைக்கிளை நிறுத்திவிட்டு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன். அவர் பார்த்துவிட்டார்.

"மேடம், ஒண்ணு சொல்லட்டுங்களா? கோச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க அண்ணே."

"போகி அன்னிக்குத்தான் நோட்டை உங்க கையில கொண்டாந்து குடுத்தன். கிரகம் கண்டுபுடிச்சீங்கன்னு எல்லாரும் பேசிக்கினாங்க. எந்த மாசம்னு கேட்டன். எனக்குத் திக்குன்னு ஆச்சு. பேப்பர்ல போடறதுக்கு முன்னாடி ஒரு தபா பாத்துருங்க மேடம்னு சொல்லித்தான் குடுத்தன். நீங்க நின்னுக்கினே அந்தப் பக்கத்தப் படிச்சீங்க."

நான் நிரம்பிக்கொண்டிருந்த பாட்டிலைப் பார்த்தேன்.

"நேத்து நான் அத அவங்ககிட்டச் சொல்லல. நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தன்."

பாட்டில் நிரம்பி வழிந்தது. குழாயை மூடினார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறக்கத்தில் போனார். அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

ஆமாம். போகி அன்றுதான். ஜனவரி 13, காலை ஒன்பது மணி. கட்டுரையின் அச்சுப்படி அப்போது என் மேசையில் திருத்தத்துக்காக இருந்தது. ஒரு மின்னஞ்சல் போட்டிருந்தால் நிறுத்தியிருக்கலாம். பதினோரு நாள் அவகாசம் இருந்தது. நான் காற்புள்ளிகளைத் திருத்தி அனுப்பினேன்.

மார்ச் 11, செவ்வாய்

காய்ச்சல். கஞ்சி.

மார்ச் 13, வியாழன்

நேர்காணலுக்கு அழைப்புக் கடிதம் வந்திருக்கிறது. பிழையைத் தாங்களாகவே முன்வந்து அறிவித்த நேர்மையைக் குழு கவனத்தில் கொள்ளும் என்று மேடம் சொன்னார். அந்தச் சொல்லைக் கேட்டதும் கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். காய்ச்சல் இன்னும் முழுதாக விடவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

அக்காவிடம் பேசினேன். எதுவும் சொல்லவில்லை. அவளாகவே, "நீ எதையோ வயித்துக்குள்ள வச்சிக்கிட்டு இருக்க. சின்னப் பிள்ளையில என் கம்மல ஒடச்சிட்டு நீ இப்பிடித்தான் நாலு நாளு சோறு திங்காம கெடந்த" என்றாள்.

"அப்புறம் என்னக்கா பண்ணுனேன்?"

"என்ன பண்ணுன? ஒண்ணும் பண்ணல. நாந்தான் அம்மைட்ட அடி வாங்குனேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

மார்ச் 19, புதன்

இன்றுதான் அந்தக் கடப்பு. பெரிய தொலைநோக்கிக்காரர்கள் ஒதுக்கிய நேரத்தை ரத்து செய்யவில்லை. எப்படியும் பார்க்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். எனக்கு இனி அதில் என்ன? வீட்டைப் பெருக்கித் துடைத்தேன். இரண்டு தடவை துடைத்தேன்.

மார்ச் 20, வியாழன்

காலை எட்டு மணிக்கு நப்பின்னை மேடம் என் வீட்டு வாசலில் நின்றார். இந்த ஆறு வருடத்தில் அவர் என் வீட்டுக்கு வந்ததே இல்லை. கையில் மடிக்கணினி, காலில் குளியலறைச் செருப்பு.

"ஆறு நிமிஷம் பத்து விநாடி" என்றார்.

புரியவில்லை.

"பிந்தியிருக்கு உலகு. இருபத்திரண்டு இல்ல. ஆனா ஆறு நிமிஷம் பிந்தியிருக்கு. அவங்க கடிகாரத்துல அரை நிமிஷம்கூடத் தப்பு வராது. மத்தவங்க புள்ளியில மிச்சமிருந்த ஆட்டத்தோட சேர்த்துப் பார்த்தா பொருந்துது. நாம சொன்ன கிரகம் இல்ல. நாம சொன்ன இடத்துலயும் இல்ல. ஆனா எதுவோ ஒண்ணு அங்க இருக்கு."

வாசற்படியிலேயே உட்கார்ந்து வரைபடத்தைக் காட்டினார். நட்சத்திரத்தின் வெளிச்சம் சீராக வந்து, ஒரு கிண்ணம் போல இறங்கி, மேலேறியது. நேரக்கோட்டில் எதிர்பார்த்த இடத்தைவிட ஒரு விரற்கடை தள்ளி. யாரும் பார்க்காத ஏதோ ஒன்று அதைப் பிடித்து வைத்திருந்து, ஆறு நிமிடம் கழித்து விட்டிருக்கிறது.

என் கண்ணில் நீர் வந்தது. மேடம் அதைச் சந்தோஷம் என்று நினைத்து முதுகில் தட்டினார். சந்தோஷமும் இருந்தது. பயம்தான் அதைவிட அதிகமாக இருந்தது. அதுவரை எல்லாம் போய்விட்டது என்று நினைத்திருந்தேன். இப்போது இழப்பதற்கு மறுபடி எல்லாம் இருந்தது.

"புதுக் கட்டுரை எழுதலாம். உன் பேர்தான் முதல்ல. இருபத்தாறாம் தேதி நேர்காணலுக்கு இதைவிட என்ன வேணும்? பழசை இனி யாரும் கிளறப் போறதில்ல."

"சரி மேடம்" என்றேன்.

மார்ச் 21, வெள்ளி

இயக்குநரைப் பார்க்க நேரம் கேட்டேன். திங்கள் காலை பத்து மணி.

மார்ச் 23, ஞாயிறு

ரத்து செய்துவிடலாமா என்று இன்று எத்தனை தடவை போனை எடுத்தேன் என்று எண்ணவில்லை. யாரும் கேட்கவில்லை. வேடியப்பன் சொல்லப்போவதில்லை. புதுக் கிரகம் இருக்கிறது. இன்னும் மூன்று நாளில் நேர்காணல். ஏப்ரலில் அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டாலும் படலாம்.

படலாம்.

மார்ச் 28, வெள்ளி

நான்கு நாளாக எழுதவில்லை. முடிவை முதலில் எழுதிவிடுகிறேன்.

நேர்காணலுக்கு நான் போகவில்லை. அழைப்பை அவர்களே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஜூனோடு என் ஒப்பந்தம் முடிகிறது. புதுக் கட்டுரையில் என் பெயர் இருக்காது. பழைய கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தில், கடிகாரப் பிழை அச்சுக்கு முன்பே கட்டுரையாளர்களில் எனக்கு மட்டும் தெரியும் என்ற வரியை நானே எழுதிக் கையெழுத்திட்டேன். யாரோஸ்லாவுக்கும் தனியாக எழுதினேன். இன்னும் பதில் இல்லை. நப்பின்னை மேடம் என்னோடு பேசுவதில்லை. எதிரே வந்தால் நின்று, நான் கடந்துபோகும்வரை கைப்பையில் எதையோ தேடுகிறார். அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருக்கிறது. வேடியப்பனுக்குக் கொடுத்த எச்சரிக்கையை ரத்து செய்து நேற்று கடிதம் வந்தது. இந்தத் தடவை தமிழில் கொடுத்திருக்கிறார்கள். படித்துச் சொல்ல அவர் என்னிடம் வரவேண்டிய அவசியம் இருக்கவில்லை. வரவும் இல்லை.

திங்கட்கிழமை நடந்ததை எழுத வேண்டும்.

இயக்குநர் நான் சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டார். போகி நாள், நோட்டு, அச்சுப்படி, அலமாரியின் கீழ்த்தட்டு, விசாரணையில் சொன்ன பொய், அட்டை கருகியது எப்படி என்பது வரை எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் அவர் கேட்டார்.

"யாராவது உங்களை மிரட்டினாங்களா?"

"இல்ல சார்."

"அப்போ இதை எங்கிட்ட ஏன் சொல்றீங்க? எல்லாம் முடிஞ்சுபோச்சே."

"வேடியப்பன் கோப்புல ஒரு தாள் இருக்கு சார். அது என்னோடது."

அவர் தலையை ஆட்டினார். ஒத்துக்கொண்டாரா, சலித்துக்கொண்டாரா என்று தெரியவில்லை.

"ஜனவரியிலேயே தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"பயமா இருந்துது சார்."

"இப்போ பயம் போயிடுச்சா?"

"இல்ல சார். இப்பவும் இருக்கு."

மேசை இழுப்பறையைத் திறந்து நான்கைந்து வெள்ளைத் தாள்களை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். மேலே ஒரு பேனாவை வைத்தார்.

"அதையும் சேர்த்து எழுதிக் குடுங்க" என்றார்.